கண்முன் நிற்கும் கம்பெனி

1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22 அன்று, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி நொடித்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வக்கீல்களும் சின்னச் சம்பளக்காரர்களும் ‘வெள்ளைக்காரன் கம்பெனி, பணம் எங்கே போய்விடும்’ என்று டெபாசிட் போட்டுவைத்திருந்த இடம் அது. அதை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது.

அந்த வாரத்தில் கையில் நூறு ரூபாய் மிச்சம் வைத்திருந்த ஒரு திருநெல்வேலி மாவட்டத்துக்காரரை நினைத்துப் பார்க்கலாம். (தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது, 1986-இல் பிரிந்தது.) பத்திரமான இடம் என்று எல்லோரும் சொன்னது மூழ்கிவிட்டது. எல்லோரும் பெருமைப்படும் புதுக் கம்பெனி, அவருடைய நூறு ரூபாய்க்கு நான்கு பங்கு தருகிறேன் என்கிறது. எதை வைத்து அவர் முடிவெடுப்பார்?

இன்று செல்போனில் டீமேட் கணக்கைத் திறந்துவைத்துக்கொண்டு எந்தப் பங்கு, எந்த ஃபண்ட் என்று யோசிப்பவரிடம் இருப்பதும் அதே கேள்விதான். பெரும்பாலோர் கேட்கும் முதல் அறிவுரை, ‘தெரிஞ்ச கம்பெனியில போடு’ என்பது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்கத் தாமிரபரணிப் பக்கம் நல்ல இடம். மலையில் தேயிலை, சமவெளியில் சிமெண்ட், கடற்கரையில் வங்கி, கடலில் கப்பல் என்று நூறாண்டுக்கு மேலாகப் பங்குக் கம்பெனிகள் இங்கே வந்திருக்கின்றன. எல்லாமே நாம் கண்ணால் பார்த்தவை, அல்லது தாத்தா சொல்லிக் கேட்டவை.

கப்பலில் தொடங்கலாம். வ.உ.சி. தொடங்கிய அந்தச் சுதேசிக் கம்பெனியைத் தேசபக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். பங்குதாரரின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு சில விஷயங்கள் தென்படும். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்கு எடுத்தார். மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. தொழில் ஒன்றுதான்: தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளும் சரக்கும் ஏற்றுவது. போட்டியாளரும் ஒருவர்தான்: பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன், சுருக்கமாக பி.ஐ. முதலில் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த கப்பல்கள் பி.ஐ. கொடுத்த நெருக்குதலில் கைவிட்டுப் போயின. 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாக வந்தன. கட்டணப் போர் மூண்டது. பி.ஐ. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள்.

ஒரே கடல்தடம், ஒரே தொழில், பல மடங்கு பெரிய எதிரி, எதிரிக்குத் துணையாக அரசாங்கம், கம்பெனியின் உயிராக ஒரே ஒரு மனிதர். 1908 மார்ச் 12-இல் அந்த மனிதர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அந்த எழுச்சியைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய நூலுக்குத்தான் 2024-இன் சாகித்ய அகாதெமி விருது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பலைக் கடைசியில் வாங்கியது பி.ஐ.யேதான்.

அந்தப் பங்கை வாங்கியவர்கள் ஏமாளிகள் இல்லை. அவர்கள் பணம் கொடுத்தது ஒரு போராட்டத்துக்கு; அது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நான் சொல்ல வருவது இன்றைய பழக்கத்தை. நம்ம ஊர்க்காரர், நம்ம ஆள்கள், நம்ம மண்ணில் எழுந்த தொழில் என்ற பாசத்துக்குப் பணம் போடலாம், தப்பில்லை. ஆனால் அறுபது வயதில் திரும்பி வந்தாக வேண்டிய பணத்தை அந்தக் கணக்கில் எழுதக்கூடாது.

அடுத்தது சிமெண்ட். திருநெல்வேலியிலிருந்து மதுரை சாலையில் வடக்கே போனால் தாழையூத்து, சங்கர்நகர். 1946-இல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியை எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் தொடங்கினார்கள், 1949-இல் இங்கே ஆலை ஓடத் தொடங்கியது. நெல்லைப் பக்கம் இதைப் பற்றிய பேச்சு இப்படித்தான் இருக்கும்: “சிமெண்டு பேக்டரி நம்ம கண்ணு முன்னால நிக்கி. லாரி ராவும் பகலும் போவுது. இத விட்டுட்டு எங்கிட்டோ பம்பாய்க்காரன் கம்பெனியிலயா போடுவாவ?”

2008 ஜனவரி உச்சத்தின்போது இந்தப் பங்கு 300 ரூபாயை ஒட்டி இருந்தது. லாரிகளைப் பார்த்து அன்று வாங்கியவர் அதன்பின் பல ஆண்டுகள் விலை நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தார். 2024 ஜூலையில் அல்ட்ராடெக் நிறுவனம் முதலாளிக் குடும்பத்தின் பங்குகளை 390 ரூபாய் வீதம் வாங்க ஒப்புக்கொண்டது. மற்ற பங்குதாரர்களுக்கும் அதே விலை அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் கைமாற்றம் முடிந்தது. பதினாறரை ஆண்டில் 300 ரூபாய் 390 ஆனது. ஆண்டுக்கு ஒன்றரைச் சதவீதத்துக்குக் கொஞ்சம் கூட. அதே 2008 ஜனவரி உச்சத்தில், வாங்குவதற்கு அதைவிட மோசமான நாள் அமையாது என்று சொல்லத்தக்க நாளில், ஐம்பது பெரிய கம்பெனிகளின் குறியீட்டெண்ணான நிஃப்டி 6,300-ஐ ஒட்டி இருந்தது. 2024 ஜூலை முடிவில் 24,900-ஐத் தாண்டியது. நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் டிவிடெண்டைச் சேர்க்காத கணக்கு இது. நியாயமாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: 2008-இல் இந்தக் கம்பெனி சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கியது, பிறகு அது தனிக் கம்பெனியாகப் பிரிந்தபோது சிமெண்ட் பங்குதாரர்களுக்குக் கிரிக்கெட் பங்கும் கிடைத்தது. அதை விடாமல் வைத்திருந்தவரின் கணக்கு கொஞ்சம் தேறும். ஆனால் 2008-இல் தாழையூத்து லாரிகளைப் பார்த்து ‘இதில் தோனி வருவார்’ என்று யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது.

ஆலை ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. பங்கின் தலையெழுத்தைத் தீர்மானித்தது சாலையிலிருந்து தெரியாத விஷயங்கள்: 1998-இல் ஆந்திரத்தின் ராசி சிமெண்டை வாங்கியது போன்ற விரிவாக்கங்கள், அவற்றுக்காக ஏறிய கடன், தென்னிந்தியாவில் தேவைக்கு மேல் பெருகிய சிமெண்ட் உற்பத்தித் திறன், உபரிப் பணத்தை நிர்வாகம் எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்பது. இவையெல்லாம் ஆண்டறிக்கையில் அச்சாகித்தான் வந்தன. படித்தவர்கள் எத்தனை பேர்?

மலைக்குப் போனால் இன்னும் விசித்திரம். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் எடுத்து, தேயிலை போட்டது. இந்தக் கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர், ‘மாஞ்சோலை டீ நமக்குத் தெரியும்’ என்று இந்தப் பங்கை வாங்கியிருந்தால், உண்மையில் அவர் வாங்கியது பிஸ்கட். துணை நிறுவனங்கள் வழியாகப் பிரிட்டானியாவில் ஏறக்குறையப் பாதிப் பங்கு இந்தக் கம்பெனியிடம் இருக்கிறது. பங்கின் மதிப்பில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. தேயிலைத் தோட்டம் கணக்கில் ஓர் ஓரம். 2024-இல் தோட்டத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மலையை விட்டு இறங்கச் சொன்னபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்களுக்கு அது வாழ்வே பெயர்ந்த செய்தி. பங்குதாரருக்கு லாபநட்டக் கணக்கில் ஒரு வரி. 1999 ஜூலை 23 அன்று அந்தத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பின் 17 பேர் தாமிரபரணியில் மாண்டதும் எந்தப் பங்கு விலைப் பட்டியலிலும் ஏறாது. பணம் போடுகிறவர் இதையும் தெரிந்து போடுவது நல்லது. நிஃப்டி போன்ற குறியீட்டெண்ணில் உள்ள கம்பெனிகளை மொத்தமாக வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் பணம் போடுகிறவருக்கும் இது பொருந்தும். ஐம்பது கம்பெனிகளின் லாபத்தில் பங்கு கேட்பவர் அவற்றின் பாவத்தில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

வங்கிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி என்று பெயர் மாறியது. நூறாண்டு தாண்டிய, தொடர்ந்து லாபம் காட்டிய வங்கி. 2022 செப்டம்பரில் ஒரு பங்கு 510 ரூபாய்க்கு வெளியிட்டது. தென்மாவட்டக் கடைத்தெருக்களில் அன்று இதைத் தவிர வேறு பேச்சில்லை. பட்டியலான நாளில் தேசியப் பங்குச் சந்தையில் 495-இல் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டு 510-ஐச் சுற்றியே, பெரும்பாலும் அதற்குக் கீழே கிடந்தது. மோசமான வங்கி என்பதால் அல்ல. நல்ல கம்பெனி என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தியானால் அது விலையிலேயே ஏறிவிடுகிறது. நமக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

இந்தக் கதைகளை வைத்து உள்ளூர்ப் பங்கு எல்லாமே நஷ்டம் என்று முடிவு கட்டினால் அது அவசரம். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பெயரில் வளர்ந்த குழுமத்திலிருந்து வந்த டி.வி.எஸ். மோட்டார், நீண்டகாலம் வைத்திருந்தவர்களைப் பணக்காரர்களாக்கியது. ஆழ்வார்குறிச்சி அனந்தராமகிருஷ்ணன் கட்டிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் டாஃபே டிராக்டர் வயல்தோறும் ஓடுகிறது. ஆனால் அந்தக் கம்பெனி சந்தையில் பட்டியலில் இல்லை, வாங்க வழியில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இருக்கும் ஜோஹோவும் அப்படியே. கண்முன் நிற்பவற்றில் சிறந்தவை விற்பனைக்கே வராமல் போகலாம் என்பதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதி. எது ஜெயிக்கும் என்பது முடிந்தபிறகு பளிச்சென்று தெரிகிறது. முன்னால் தெரிவதில்லை.

இதை எண்ணில் காட்டியவர் ஹெண்ட்ரிக் பெஸெம்பைண்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1926 முதல் 2016 வரை அந்த நாட்டுச் சந்தையில் இருந்த 25,000-க்கும் மேற்பட்ட கம்பெனிகளை எடுத்து, ஒவ்வொன்றும் அதன் ஆயுளில் எவ்வளவு தந்தது என்று பார்த்தார். பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் அரசின் குறுகியகாலக் கடன் பத்திரம் தந்த வட்டியைக்கூடத் தரவில்லை. கடன் பத்திரத்துக்கு மேல் சந்தை உண்டாக்கிய செல்வம் முழுவதையும் உண்டாக்கியவை வெறும் 4 சதவீதக் கம்பெனிகள். அந்தப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தால் நஷ்டத்தில் விழ வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால் அந்த 4 சதவீதம் தானாக உள்ளே வந்துவிடும். இண்டெக்ஸ் ஃபண்டுக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

1976-இல் ஜான் போகிள் அமெரிக்காவின் வான்கார்டு நிறுவனத்தில் முதல் முறையாகப் பொதுமக்களுக்கு அப்படி ஒரு ஃபண்டைத் திறந்தபோது 15 கோடி டாலர் எதிர்பார்த்தார். சேர்ந்தது ஒரு கோடியே 13 லட்சம். ‘போகிளின் முட்டாள்தனம்’ என்று கேலி பேசினார்கள். இந்தியாவில் 1990-களின் இறுதியில்தான் இந்த வகை ஃபண்டுகள் வந்தன. பரவலாகப் பேசப்பட்டது கடந்த பத்தாண்டுக்குள்தான்.

குறியீட்டெண் என்பது தெய்வ வாக்கு அல்ல, ஒரு பட்டியல். 1986-இல் தொடங்கிய சென்செக்ஸின் முதல் முப்பதில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் இருந்தன. அம்பாசடரும் பத்மினியும் இல்லாத சாலையை அன்று யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். இரண்டு காரும் போயின, இரண்டு கம்பெனியும் பட்டியலிலிருந்து போயின. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸின் கணக்கு மோசடி வெளிவந்ததும் அதுவும் நீக்கப்பட்டது. 2020-இல் நிஃப்டியிலிருந்து யெஸ் வங்கி. விழுந்த கம்பெனியால் அதன் எடை அளவுக்கு நஷ்டம் உண்டு. அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ‘விலை திரும்பட்டும், அப்புறம் விற்கலாம்’ என்று பத்தாண்டு காத்திருக்கும் நம் பலவீனம் பட்டியலுக்குக் கிடையாது. ஆண்டுக்கு இருமுறை நிஃப்டியைத் திருத்துகிறார்கள். சிறுத்தது வெளியே, பெருத்தது உள்ளே.

இன்னொரு வேடிக்கை. அல்ட்ராடெக் நிஃப்டி 50-இல் இருக்கிறது. இந்தியா சிமெண்ட்ஸ் இப்போது அதன் துணை நிறுவனம். தாழையூத்து ஆலை மீது ஆசைப்பட்டவர் ஒரு நிஃப்டி ஃபண்டை வாங்கினாலே அதில் ஒரு துளி அவர் கைக்கு வந்துவிடுகிறது. முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணின் பி.எஃப். பணத்துக்கும் இது பொருந்தும். வருங்கால வைப்புநிதி நிறுவனம் 2015 ஆகஸ்டிலிருந்து புதிதாகச் சேரும் தொகையில் ஒரு பகுதியை நிஃப்டி, சென்செக்ஸைப் பின்பற்றும் இ.டி.எஃப். ஃபண்டுகளில் போடுகிறது, 5 சதவீதத்தில் தொடங்கி 15 வரை உயர்ந்தது. பங்குச் சந்தை சூதாட்டம் என்று சொல்லும் பல வீடுகள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன, தெரியாமலேயே.

இனி நெல்லைக்காரருக்கென்றே உள்ள காரணம். என் கணக்கில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் வழிந்து, நெல்லை ஜங்ஷன் தண்ணீரில் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. பிசான நெல் மூழ்கியது, வாழை சாய்ந்தது, கடைகளில் சரக்கு ஊறியது, உப்பளங்கள் கரைந்தன. இந்தப் பக்கத்து நடுத்தரக் குடும்பம் ஒன்றின் சொத்தைப் பிரித்துப் பாருங்கள்: ஊரில் ஒரு வீடு, பாளையில் ஒரு மனை, ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல், டவுனில் ஒரு கடை அல்லது வாடகை, தெரிந்தவர் நடத்தும் சீட்டு, தெரிந்த ஆளுக்கு வட்டிக்கு விட்டது. கொஞ்சம் நகை, வங்கி டெபாசிட். நகையையும் டெபாசிட்டையும் தவிர மீதி எல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்குள். சம்பளமும் அதே ஊர் வியாபாரத்திலிருந்து. வெள்ளம் வந்தால் எல்லாம் ஒரே நாளில் நனையும். சீட்டு எடுத்தவரால் கட்ட முடியாது, கடன் வாங்கியவர் கொடுக்க மாட்டார், வாடகைக்காரர் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்வார். அந்தத் திங்கட்கிழமை மும்பையில் நிஃப்டி 21,400-ஐ ஒட்டி, அதுவரை கண்ட உச்சத்தின் பக்கத்தில், எதுவும் நடக்காதது போல முடிந்தது.

இந்தக் குடும்பம் அடுத்த ஒரு லட்சத்தையும் ‘தெரிஞ்ச’ உள்ளூர்க் கம்பெனியில் போட்டால் அது பரவலாக்கம் ஆகாது; ஏற்கெனவே குவிந்து கிடப்பதன் மேல் இன்னொரு குவியல். மும்பை வங்கி, பெங்களூரு மென்பொருள், குஜராத் சுத்திகரிப்பு ஆலை, அசாம் எண்ணெய்க் கிணறு என்று நமக்குத் துளியும் பரிச்சயமில்லாத இடத்தில் பணம் இருப்பதுதான் இங்கே லாபம். பழக்கமில்லாததைக் கண்டு வரும் பயம் இயல்பு. இந்த இடத்தில் அது தப்பான திசையில் தள்ளுகிறது.

எந்த ஃபண்ட் என்று கேட்டால், நிஃப்டி 50-ஐயோ சென்செக்ஸையோ பின்பற்றும் ஒன்று போதும். இன்னும் அகலம் வேண்டுமென்றால் நிஃப்டி 500. இரண்டு கம்பெனியின் நிஃப்டி ஃபண்டை வாங்குவது ஒரே நாளிதழை இரண்டு கடையில் வாங்குவது மாதிரி. துறைவாரியாக, பாணிவாரியாக மாதம் ஒன்று முளைக்கும் புதுக் குறியீட்டு ஃபண்டுகளை ஒதுக்கிவிடலாம். அவை ‘தெரிஞ்ச கம்பெனி’ ஆசையின் இன்னொரு உருவம்.

ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் அந்த ஃபண்டுக்குரிய பக்கத்தைத் திறந்தால் கண் முதலில் போவது, பெரிய எழுத்தில் இருக்கும் கடந்த ஓராண்டு, மூன்றாண்டு வருமானத்துக்கு. அதை விட்டுவிட்டு மூலையில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். ‘செலவு விகிதம்’ என்ற இடத்தில் ரெகுலர் (ஏஜெண்ட் வழியாக வாங்குவது), டைரக்ட் (நேரடியாக வாங்குவது) என்று இரண்டு எண் இருக்கும். நிஃப்டி ஃபண்டின் டைரக்ட் திட்டத்தில் அது 0.2 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரி. பக்கத்தில் ‘டிராக்கிங் டிஃபரன்ஸ்’: டிவிடெண்டும் சேர்ந்த குறியீட்டெண்ணைவிட ஃபண்ட் எவ்வளவு பின்தங்கியது என்பது. செலவு விகிதத்தை ஒட்டி அது இருந்தால் ஃபண்டை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்று பொருள். ‘குரோத்’ என்ற வகையையே எடுக்க வேண்டும். மாதாமாதம் டிவிடெண்ட் என்று நம் பணத்தையே நமக்குத் திருப்பித் தருவது நீண்டகாலத்துக்கு உதவாது. படித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகாது.

ஒரு சதவீதச் செலவு என்ன பெரிசு என்று தோன்றும். மாதம் 10,000 ரூபாய், 25 ஆண்டு. கட்டியது 30 லட்சம். ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் கையில் ஏறக்குறைய 1 கோடியே 57 லட்சம். 10 சதவீதம் வளர்ந்தால் 1 கோடியே 32 லட்சம். இந்த வளர்ச்சி விகிதங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, வாக்குறுதி அல்ல. ஆனால் நடுவே காணாமல் போகும் 25 லட்சம், கட்டிய மொத்தப் பணத்தில் ஆறில் ஐந்து பங்கு. ரெகுலர் திட்டத்தில் கமிஷன் வாங்கும் ஏஜெண்டைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டவும் மாட்டேன். 2020-இல் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே நிஃப்டி 12,400-இலிருந்து 7,500-க்கு வந்தபோது, ‘விக்காதீங்க அண்ணாச்சி’ என்று போன் போட்டுச் சொன்னவர் அந்த ஒரு நாளிலேயே கமிஷனைச் சம்பாதித்துவிட்டார். அப்படிச் சொல்லாதவருக்கு எதற்குப் பணம்?

தனிப் பங்கு வாங்கியே தீருவேன் என்பவரைத் தடுக்க வேண்டியதில்லை. ஆர்வமும் ஒரு செல்வம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும். வாங்கும் அன்று ஏன் வாங்கினேன் என்று ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். ஆண்டறிக்கையில் கடன், முதலாளி அடகு வைத்த பங்கு, சொந்தக்காரர் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல், ஆடிட்டர் நடுவில் ஏன் மாறினார் என்ற நான்கையும் பார்க்காமல் தொடக் கூடாது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் தலைவைக்கவே வேண்டாம்: 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது.

இண்டெக்ஸை விற்பவர்கள் மறைக்கும் பக்கமும் உண்டு. சென்செக்ஸ் அடிப்படை ஆண்டான 1979-இல் 100, 2024 ஜூலையில் 80,000, ஆண்டுக்கு 16 சதவீதம் என்று விளம்பரம் வரும். கணக்கு சரிதான். ஆனால் அதை 1992 ஏப்ரலில் உடைத்துப் பாருங்கள். ஹர்ஷத் மேத்தா காலத்து உச்சமான 4,467 வரை முதல் 13 ஆண்டு வளர்ச்சி ஆண்டுக்கு 34 சதவீதம். அங்கிருந்து 80,000 வரை 32 ஆண்டுக்கு ஒன்பதரைக்குள். அந்த 1992 உச்சத்தில் வாங்கியவர் 2003 ஏப்ரலில், பதினோரு ஆண்டு கழித்து, 3,000-க்கும் கீழே நின்றார். அந்தப் பதினோரு ஆண்டில் பெரும்பகுதி வங்கி வட்டி இரட்டை இலக்கத்தில் இருந்தது. ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பர் உச்சத்தை மறுபடி தொட்டது 2024 பிப்ரவரியில். ஆகவே ஐந்தாண்டுக்குள் வேண்டிய பணத்துக்கு, மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனை அடைக்கவோ வைத்த பணத்துக்கு, இண்டெக்ஸ் ஃபண்ட் இடமில்லை. அதற்கு வங்கி டெபாசிட் இருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடும் இருக்கிறது. நிஃப்டியிலும் மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைக் கம்பெனிகள்தான். முழுச் சமநிலை அங்கேயும் இல்லை.

15, 20 ஆண்டு என்று பேசுகிறோம். அத்தனை நாளில் முதலீடு மறந்து போகும், சில நேரம் முதலீட்டாளரே போய்விடுவார். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு (சுருக்கமாக ஐ.இ.பி.எஃப்.) மாற்றப்படுகின்றன. 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பத்திரத்தை விற்று மற்றவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. டீமேட்டாக்கிய பிறகுதான் விற்கலாம். உங்கள் வீட்டுப் பட்டாசலில் கிடக்கும் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் மஞ்சளேறிய பங்குப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், இணைந்திருக்கலாம். நிதியத்துக்குப் போயிருந்தால் ஐ.இ.பி.எஃப்.-5 என்ற படிவத்தில் வாரிசு கேட்கலாம். அரசுக்குக் கட்டணம் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் டீமேட்டிலும் ஃபண்டிலும் நாமினி பெயரை இன்றே பதிந்துவிடுங்கள். பதிந்ததை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.